ஐஸ் பெட்டியில் ஒரு துணுக்கு இமை

பெசன்ட் நகரில் மீன் வாங்க வருகிறவர்கள் முதலில் மீனின் கண்ணைத்தான் பார்ப்பார்கள். கண் பளபளவென்று உப்பி நின்றால் காலையில் வந்த மீன். குழி விழுந்து பால் படிந்திருந்தால் பழசு. அப்புறம்தான் செவுளைத் தூக்கிப் பார்ப்பதும் விலையைக் கேட்டு முகம் சுளிப்பதும். அப்படி மீன் கண்ணைப் பார்த்துப் பழகியவர்கள் கொஞ்ச காலமாகக் கெங்கம்மாவின் கண்ணையும் பார்க்கத் தொடங்கியிருந்தார்கள். அவளுடைய வலது மேல் இமையில் மொச்சைக் கொட்டை அளவுக்கு ஒரு கட்டி. அதைப் பார்த்ததும், கையிலிருந்த மீனை வைத்துவிட்டு, பக்கத்தில் ஜான்சியின் பலகைக்கு நகர்ந்துவிடுவார்கள்.

கெங்கம்மா குப்பத்தில் பிறந்து குப்பத்திலேயே வாழ்க்கைப்பட்டவள். புருஷன் பக்கிரி ஃபைபர் படகில் கடலுக்குப் போகிறவன். அவன் வலையில் விழுவது போதாதபோது கரை ஏலத்தில் மீன் எடுத்து, கூடையில் சுமந்துவந்து, சாலையோரத்தில் நீலத் தார்ப்பாயின் கீழே பலகை போட்டு விற்பாள். ஒரே மகள் அஸ்வினியைக் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. இனிமேலாவது உட்காரு என்று எல்லோரும் புத்தி சொன்னார்கள். உட்கார்ந்தால் அடுப்பை யார் மூட்டுவார்கள் என்பதை மட்டும் ஒருவரும் சொல்லவில்லை. இருட்டில் எழுந்து, வெயிலில் வெந்து, செதில் ஒட்டிய கையோடு வீட்டுக்கு வந்தால் அங்கேயும் அடுப்படி. அலுப்பு அவளுக்கு வந்துபோகிற விருந்தாளி இல்லை. வீட்டிலேயே குடியிருந்தது.

கட்டி வந்த புதிதில் அவள் அதை ஒரு பொருட்டாகவே மதிக்கவில்லை. கண்கட்டி யாருக்குத்தான் வராது? நாமக்கட்டியை இழைத்துப் பூசினாள். உள்ளங்கையில் விரலைத் தேய்த்துச் சூடாக ஒத்தினாள். ஜான்சிக்கு அது சிரிப்பாக இருந்தது.

"யார் வூட்டு ஜன்னல எட்டிப் பாத்தக்கா? அதான் கண்ல கட்டி."

"ஆமாமே, உன் வூட்டுக்காரன் குளிக்கிறத எட்டிப் பாத்தேன். போவியா, வேலையப் பாத்துக்கினு."

பூச்சுக்கும் ஒத்தடத்துக்கும் கட்டி மசியவில்லை. வலியும் இல்லை, சீழும் இல்லை. அடையாறில் ஒரு சின்ன கிளினிக்கில் காட்டினாள். இமைக்குள் எண்ணெய் அடைத்திருக்கிறது, சாதாரணம்தான் என்று கீறிவிட்டுக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள். சில மாதத்தில் அதே இடத்தில் அது வந்து நின்றது. மறுபடி கீறினார்கள். மறுபடி வந்தது, முன்னைவிடக் கெட்டியாக. விரலால் தொட்டால் இமைக்குள்ளே கிளிஞ்சல் துண்டு ஒன்று மாட்டிக்கொண்டது மாதிரி இருந்தது. மூன்றாம் முறை போனபோது அந்த டாக்டர் கத்தியை எடுக்கவில்லை. மயிலாப்பூரில் கஸ்தூரிரங்கன் என்று ஒருவர் இருக்கிறார், இமை வைத்தியத்தில் கைராசிக்காரர், அவரைப் பாருங்கள் என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

லஸ் பக்கத்தில் ஒரு சந்துக்குள் இருந்தது கஸ்தூரிரங்கனின் கண் ஆஸ்பத்திரி. காலையில் பக்கிரியோடு போனவளை மத்தியானம்தான் உள்ளே கூப்பிட்டார்கள். டாக்டருக்கும் வயதாகியிருந்தது. காலையிலிருந்து குனிந்து குனிந்து கண்களையே பார்த்தவரின் முதுகு அவருக்கு. கெங்கம்மாவின் இமையைப் புரட்டி உள்பக்கம் பார்த்தார். விளக்கைக் கிட்டே கொண்டுவந்து இமை மயிரை ஒவ்வொன்றாகப் பார்த்தார். காதுக்கு முன்னாலும் கழுத்திலும் விரலை ஓட்டி, நெறி கட்டியிருக்கிறதா என்று தடவிப் பார்த்தார்.

"ரெண்டு தடவை கீறியும் அதே இடத்துல வந்துண்டே இருக்குன்னா, இது எல்லாருக்கும் வர்ற கட்டி இல்லைம்மா" என்றார். "இமை மயிர் கொட்டலை, தோல் புண்ணாகலை. அதெல்லாம் நல்ல அடையாளம். அபூர்வமா வர்ற நல்ல கட்டியாத்தான் இருக்கும்னு தோணறது. ஆனா கெட்ட கட்டி ஒண்ணும் இதே மாதிரி வேஷம் போட்டுண்டு வரும். வெளியில பாத்து நான் சத்தியம் பண்ண முடியாது. முழுசா எடுத்து, எடுத்ததை லேப்ல பாக்கணும்."

பக்கிரி சுவரோரம் நின்றுகொண்டிருந்தான். "அடையாறா சார்?" என்று கேட்டான்.

சென்னையில் டாக்டர் முன்னால் நின்று அப்படிக் கேட்டால், எந்த பஸ் ஏறுவது என்று கேட்பதாக யாரும் நினைக்க மாட்டார்கள். புற்றுநோய் ஆஸ்பத்திரி அங்கேதான் இருக்கிறது. கெங்கம்மா ஆயிரம் தடவை அடையாறைக் கடந்து போயிருக்கிறாள். அன்றைக்குத்தான் அது வேறு ஊராகக் கேட்டது.

"அதை இப்போ ஏன் பேசறேள்? லேப்ல சொல்லட்டும்."

"கெட்டதா கீதுன்னு சொல்லிட்டா?" என்று கெங்கம்மாவே கேட்டாள்.

"இமையில பெரும்பகுதியை எடுக்க வேண்டி வரும். வேற இடத்துலேர்ந்து தோல் எடுத்து இமை கட்டணும். கண்ணைக் காப்பாத்தப் பாப்போம்."

காப்பாற்றுவோம் என்று சொல்லவில்லை, பார்ப்போம் என்றார். அந்த ஒரு சொல்லைச் சுமந்துகொண்டு அவள் வீடு வந்து சேர்ந்தாள்.

அடுத்த வாரம் ஒரு சாயங்காலம் கட்டியை எடுத்தார்கள். ஊசி போட்டு இமையை மரக்கவைத்து எடுத்ததால் பெரிய வலி இல்லை. அந்த ஆஸ்பத்திரியில் சதைத் துண்டைப் பார்க்கிற லேப் கிடையாது, அது தி. நகரில் இருந்தது. எடுத்த துண்டை நோயாளியின் வீட்டுக்காரர்களே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் வழக்கம். நர்ஸ் ஒரு சின்ன பிளாஸ்டிக் பாட்டிலைப் பக்கிரியின் கையில் கொடுத்தாள். தண்ணீர் மாதிரி ஏதோ ஒன்றில் அரிசி நொய்யைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துணுக்கு மிதந்தது.

"இப்ப லேப் மூடியிருப்பாங்க. காலைல குடுத்துடுங்க, பத்திரம்" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள். அது என்ன தண்ணீர், எதற்கு என்று சொல்லவில்லை. சொல்ல வேண்டிய விஷயமாக அவளுக்குத் தோன்றியிருக்காது.

வீட்டுக்கு வந்ததும் பக்கிரி பாட்டிலைத் திறந்து பார்த்தான். திறக்காமல் இருந்திருக்கலாம். ஆனால் வாங்கிய பொருளைத் திறந்து மோந்து பார்க்காமல் வைக்கிற பழக்கம் அந்த வீட்டில் யாருக்கும் கிடையாது. குப்பென்று ஒரு நெடி கிளம்பிற்று. ஒரு கண்ணில் கட்டோடு பாயில் சாய்ந்திருந்த கெங்கம்மாவின் மூக்கில் அது ஏறியதும் அவள் எழுந்து உட்கார்ந்துவிட்டாள்.

"யோவ், இன்னாயா அது? ஃபார்மலின் நாத்தம் அடிக்கிது?"

"அதான்மே. அதேதான்."

அந்த நெடியை அவர்களுக்கு நன்றாகத் தெரியும். சில வருஷங்களுக்கு முன்னால், மீன் கெடாமல் இருக்கப் பிணத்துக்குப் போடுகிற மருந்தைப் போடுகிறார்கள் என்று ஊரெல்லாம் பேச்சுக் கிளம்பியதே, அந்த நாளில் பட்டது போதும். எங்கோ வெளியூர் லாரியில் வந்த மீனுக்குச் சொன்ன பழி, விடிகாலையில் கரையேறித் துள்ளுகிற மீன்மேலும் விழுந்தது. வாங்க வந்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு, "மருந்து போட்டதா?" என்று கேட்டார்கள். கெங்கம்மா அந்த மருந்தில் ஒரு பாட்டிலை எங்கிருந்தோ வரவழைத்து மோந்து பார்த்தாள். இந்த நாற்றம் என் மீனில் வருகிறதா பார் என்று சண்டை போடத்தான். சண்டையில் ஜெயித்தாள், மீன் விற்கவில்லை. வஞ்சிரத்தையும் சங்கராவையும் அவர்களே தின்று தீர்த்தார்கள். மிஞ்சியதைப் பூனைகள் தின்றன. அன்றிலிருந்து ஃபார்மலின் என்றால் அந்த வீட்டில் விஷம் என்று அர்த்தம்.

"என் கண்ணுல வந்தத அதுலயா ஊற வெச்சி குட்த்துகீறாங்க?" என்றாள் கெங்கம்மா. "அதுல போட்டா நல்லதுகூட கெட்டதாத்தான் தெரியும். கொட்டுயா அத்த. கொட்டிட்டு ஐஸ்ல வையி."

பக்கிரி யோசிக்கவே இல்லை. மருந்தைக் கால்வாயில் கொட்டினான். துணுக்கை நல்ல தண்ணீரில் அலசினான். தெர்மாக்கோல் பெட்டியில் ஐஸை உடைத்துப் போட்டு, பாட்டிலை நடுவில் புதைத்து, மேலே கல்லுப்பைத் தூவி இறுக்கி மூடினான். எக்ஸ்போர்ட்டுக்குப் போகிற இறாலுக்குக்கூட அவ்வளவு மரியாதை செய்ததில்லை. இருவரும் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கினார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

காலையில் தி. நகர் லேபில் தேவானை என்ற பெண் பாட்டிலை வாங்கித் திறந்தாள். உள்ளே துணுக்கு கல்லாக உறைந்து அடியில் ஒட்டியிருந்தது.

"இதுல இருந்த மருந்து எங்கங்க?"

"அது கெட்ட மருந்தும்மா. கொட்டிட்டு ஐஸ்ல வெச்சி எட்த்தாந்தேன். ஒண்ணியும் ஆவல, நல்லா கீது பாரு."

தேவானை தலையில் கை வைத்துக்கொண்டாள். திட்டுவதா சிரிப்பதா என்று தெரியாமல், பார்க்கிறோம், முடிந்ததைச் சொல்கிறோம் என்று வாங்கி வைத்தாள். பக்கிரிக்கு அப்போதே ஏதோ தப்பு என்று உறைத்துவிட்டது. ஆனாலும் கெங்கம்மாவிடம் வந்து, "குட்த்துட்டேன்" என்று மட்டும் சொன்னான்.

தையல் பிரிக்கப் போனபோது விஷயம் வெளியே வந்தது. உப்பு ஐஸில் உறைந்து சதையின் உயிரணுக்கள் எல்லாம் வெடித்துச் சிதைந்துவிட்டன. நல்லதா கெட்டதா என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை என்று லேபில் எழுதி அனுப்பியிருந்தார்கள்.

"சமைச்சுச் சாப்பிடறதுக்கு ஐஸ் சரி" என்றார் கஸ்தூரிரங்கன். குரலில் கோபத்தைவிட அலுப்புதான் இருந்தது. "பூதக்கண்ணாடியில வெச்சுப் பாக்கறதுக்கு ஃபார்மலின்தான் வேணும். எடுத்த நிமிஷத்துல எப்படி இருந்துதோ அப்படியே அதுதான் நிறுத்தி வைக்கும். யார் கொட்டினது?"

கெங்கம்மா வாயைத் திறந்தாள். அதற்குள் பக்கிரி, "நாந்தான் சார். தெரியாம பண்ட்டேன்" என்றான்.

அவள் திறந்த வாயை மூடிக்கொண்டாள்.

இனி என்ன என்று கேட்டதற்கு, காத்திருக்க வேண்டியதுதான் என்றார் டாக்டர். கண்ணுக்குத் தெரிந்தவரை முழுதாக எடுத்தாகிவிட்டது. வேர் மிச்சம் இருந்தால் அதே இடத்தில் வளரும். மாதத்துக்கு ஒருமுறை வந்து காட்ட வேண்டும். வளர்ந்தால் எடுத்துப் பார்க்கலாம்.

அந்தக் காத்திருப்பைப் போல அவளை எதுவும் களைக்கச் செய்ததில்லை. காலையில் கண் விழித்ததும் விரல் தானாக இமைக்குப் போகும். ஒன்றும் இல்லை என்றால் தெம்பு வரும். உடனே, ஒன்றும் இல்லாவிட்டால் அது என்னவென்று தெரியாமலே போய்விடுமே என்று பயம் வரும். வரக் கூடாது என்று வேளாங்கண்ணி மாதாவுக்கு மெழுகுவத்தி, வந்தால் நல்லதாக வரட்டும் என்று கெங்கையம்மனுக்குக் கூழ். இரண்டு பக்கமும் வேண்டிக்கொண்டவளுக்கு எந்தப் பக்கம் தூங்குவது என்று தெரியவில்லை.

ஊர் வாயை மூட உலைமூடி உண்டா? தேவானையின் கவுண்டரில் நின்றிருந்த யாரோ பார்த்துவிட்டுப் பேச, குப்பம் முழுக்கக் கதை பரவிவிட்டது. பக்கிரிக்கு 'ஐஸ் டாக்டர்' என்று பேர் வைத்தார்கள். படகை இறக்கும்போது, "நைனா, எனக்குக் கால்ல ஆணி கீது, எட்த்து ஐஸ்ல வெய்யேன்" என்பார்கள். மகள் அஸ்வினி போனில் அப்பனைப் பிடித்துத் திட்டித் தீர்த்தாள். "அம்மாவ சாவடிக்கப் பாத்தியா நைனா?" என்று அவள் அழுதது பக்கத்தில் உட்கார்ந்திருந்த கெங்கம்மாவுக்கும் கேட்டது. பக்கிரி போனைக் காதில் வைத்தபடி, "ஆமாம்மா, தப்புதான்மா" என்று சொல்லிக்கொண்டிருந்தான். கொட்டச் சொன்னவள் பக்கத்திலேதான் இருக்கிறாள் என்று ஒரு வார்த்தை, வாய் தவறிக்கூட, அவனிடமிருந்து வரவில்லை.

கெங்கம்மாவுக்குச் சொல்ல வேண்டும் என்று இருந்தது. சொல்லவில்லை. அவள் கெட்டவள் இல்லை. ஆனால் கட்டி கெட்டதாக இருந்து, அதைத் தெரிந்துகொள்ள இருந்த ஒரே வழியைத் தானே கால்வாயில் கொட்டச் சொன்னேன் என்று ஒத்துக்கொள்ள அவளிடம் பலம் மிச்சமில்லை. பிறந்ததிலிருந்து எல்லாக் கூடையும் அவள் தலையில்தான் ஏறியது. இந்த ஒன்றை மட்டும் இன்னொருத்தர் தலையில் கொஞ்ச நாள் வைத்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிட்டாள். விட்டதும் அவளுக்கு வெட்கமாகவே இருந்தது. சாப்பாடு போடும்போது அவனுக்கு நடுத்துண்டு மீனை வைப்பாள். அவன் அதை அவள் தட்டுக்கே தள்ளிவிடுவான்.

மழைக்காலம் முடிகிற சமயம், ஒரு காலையில் விரலுக்கு அது தட்டுப்பட்டது. மணல் பருக்கை அளவுதான். அருவாமனைக்கு முன்னால் உட்கார்ந்து கொஞ்ச நேரம் அழுதாள். ஜான்சி எழுந்துவந்து அவள் முந்தானையாலேயே அவள் முகத்தைத் துடைத்துவிட்டு, வந்திருந்த வாடிக்கைக்காரர்களுக்கு இரண்டு பலகையிலும் மாறி மாறி மீன் வெட்டிக்கொடுத்தாள்.

இந்த முறை காலையிலேயே ஆபரேஷன். மரத்துப்போன இமையில் கத்தரி நடமாடுவது கெங்கம்மாவுக்குக் கேட்டது. "சுண்ணாம்பு மாதிரி கெட்டியா இருக்கு" என்று டாக்டர் நர்ஸிடம் சொன்னார். அது நல்லதா கெட்டதா என்று அவர் சொல்லவில்லை. சுற்றியிருந்த கொஞ்சம் நல்ல சதையையும் சேர்த்தே எடுத்தார்.

நர்ஸ் பாட்டிலைக் கொண்டுவந்தாள். "கொட்டக் கூடாது, ஐஸ்ல வெக்கக் கூடாது, நேரா லேபுக்குப் போகணும்" என்றாள். பக்கிரி தலையைக் குனிந்துகொண்டான். அவனுக்காக மட்டும் சொன்னது அல்ல அது. இப்போதெல்லாம் பாட்டில் வாங்கும் எல்லோரிடமும் அவள் அப்படித்தான் சொல்கிறாளாம். இவர்களால் அந்த ஆஸ்பத்திரிக்கு ஒரு நல்ல பழக்கம் வந்திருக்கிறது.

பாட்டிலை வாங்கப் பக்கிரி கையை நீட்டவில்லை. கெங்கம்மாதான் வாங்கிக்கொண்டாள். கண்ணில் கட்டோடு ஷேர் ஆட்டோவில் ஏறி, மடியில் வைத்து, இரண்டு கையாலும் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டாள். மூடி வழியாக லேசாக அந்த நெடி வந்தது. எதிரில் இருந்த அம்மாள் மூக்கைச் சுளித்துக்கொண்டு நகர்ந்து உட்கார்ந்தாள். கெங்கம்மா பாட்டிலை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். தேவானையின் கையில் அதைக் கொடுத்து, அவள் மூடியைத் திறந்து தலையாட்டுகிற வரைக்கும் கவுண்டரை விட்டு நகரவில்லை.

முடிவு கேட்கப் போன அன்று வியாபாரத்துக்கு நல்ல நாள். பலகையையும் ஐஸில் வைத்த மீனையும் ஜான்சியிடம் ஒப்படைத்துவிட்டு இருவரும் மயிலாப்பூருக்குப் போனார்கள். கஸ்தூரிரங்கன் காகிதத்தைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினார்.

"கெட்டது இல்லைம்மா. மயிர்க்கால்லேர்ந்து வளர்ற கட்டி. இமையில வர்றது அபூர்வம், அதான் எல்லாரும் சாதாரணக் கட்டின்னு கீறிண்டே இருந்திருக்கா. கீறினா போகாது, முழுசா எடுக்கணும். இந்த தடவை ஓரமெல்லாம் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டா. பயமே இல்லை."

"அப்ப அடையாறு, சார்?"

"அடையாறுக்கு மீன் விக்கப் போங்கோ."

பக்கிரி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். தோள் குலுங்கியது. சத்தம் வரவில்லை. அவன் அழுது அவள் பார்த்ததில்லை. புயலில் கூட்டாளியைப் பறிகொடுத்துக் கரைக்கு வந்த அன்றுகூட அழவில்லை. கெங்கம்மாவுக்குச் சந்தோஷம் வருவதற்கு முன்னால் அந்த அழுகைதான் கண்ணில் பட்டது. டாக்டர் பக்கம் திரும்பினாள்.

"சார்" என்றாள். "அன்னிக்கு அந்த மருந்த கொட்டச் சொன்னது நாந்தான் சார். இவரு இல்ல. நான் சொல்லித்தான் கொட்னாரு."

டாக்டர் அதற்குள் அடுத்த நோயாளியின் காகிதத்தை எடுத்திருந்தார். நிமிர்ந்து பார்த்தார்.

"எந்த மருந்தும்மா?" என்றார்.

அவருக்கு ஞாபகமே இல்லை. ஒரு நாளைக்கு எத்தனை இமைகளைப் புரட்டுகிறவர், எப்போதோ கொட்டின மருந்தை அவர் ஏன் நினைத்துக்கொண்டிருக்கப் போகிறார். ஒன்றும் இல்லை சார் என்று கும்பிட்டுவிட்டு, பக்கிரியைக் கைகொடுத்துத் தூக்கி வெளியே கூட்டிவந்தாள். வாசல் படியில் அவனை நிறுத்தினாள்.

"அஸ்வினிக்கு நானே போன் போட்டு சொல்றேன்யா. உன்ன எவ்ளோ பேச்சு பேசிச்சி. நான் குந்திக்கினு கேட்டுக்கினே இருந்தேன்."

பக்கிரி லுங்கி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டான்.

"இன்னாத்துக்குமே இப்ப அது? நீ சொல்லலன்னாலும் நான் கொட்டித்தான் இருப்பேன்" என்றான். "வா. ஜான்சி தனியா கீது. ஐஸு கரைஞ்சிரும்."

புதுத் தையலில் கண்ணீர் பட்டு எரிந்தது. முந்தானையை எடுத்து மெல்ல ஒற்றிக்கொண்டு, அவன் பின்னாலேயே பஸ் ஸ்டாப்புக்கு நடந்தாள்.